புளோயருக்குப் பொட்டு வைத்த நாள்

விதி இப்படிச் சொல்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுவதை நிறுத்த வேண்டுமானால் அடுத்ததை ஓடவிட்ட பிறகே நிறுத்தலாம். இரண்டையும் சேர்த்து நிறுத்தப் பொறுப்பு அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.

நிலையத்தின் இயக்கக் கையேட்டில் இது நல்ல ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில் இருக்கிறது. மின்தடை, தீ, வெள்ளம் என்று விதிவிலக்குகளும் வரிசையாக உண்டு. ஆயுத பூஜை அதில் இல்லை. எழுதியவர்கள் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இதை நான் மனப்பாடமாக ஒப்பித்தபோது எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் கொலு கலைந்துகொண்டிருந்தது. என் மனைவி சரோஜா பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்க, ஜெசிந்தா வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கினாள்.

ஜெசிந்தா பாலக்கரைப் பெண். சரோஜா கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவளிடம் படித்தவள். அப்போது எங்கள் பக்கத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட், கான்ட்ராக்ட் வேலை. பண்டிகை முடிந்த வாரத்தில் டீச்சரைப் பார்க்க வந்திருந்தாள் என்று நினைத்தேன். பொம்மைகள் பாதி உள்ளே போன பிறகுதான் கைப்பையிலிருந்து மெமோவை எடுத்தாள்.

“விதியெல்லாம் எனக்கும் தெரியும் சார்,” என்றாள். “தெரிஞ்சும் சும்மா இருந்தேன். அதுதான் அதுல போட்டிருக்கு.”

“சும்மா இருந்தியா, ஆள் அங்க இல்லையா? அது வேற, இது வேற.”

“ஏங்க, வந்த பிள்ளைக்கு ஒரு வாய் காபி குடுக்கிறதுக்கு முன்னாடி விசாரணைக் கமிஷனா?” என்றாள் சரோஜா. “இந்தாங்க, அனுமாரைப் புடிங்க. வாலை ஒடிச்சிடாதீங்க.”

அனுமாரை ஒரு கையிலும் மெமோவை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தேன். பணியில் இருந்தும், இயந்திரங்கள் நிறுத்தப்படுவதைத் தடுக்கவில்லை. அதனால் நீர் கெட்டு வாய்க்காலில் கலந்தது. ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தருக. மூன்று வாக்கியம். மெமோ எழுதுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை.

“நிறுத்தினவர் பேரு இதுல எங்க?”

“அவர் மெக்கானிக்கலாம் சார். தண்ணி கெட்டா கெமிஸ்ட்தான் பொறுப்பாம்.”

இப்படி ஒரு மெமோவோடு வெளியே போனால் வேறு எந்த நிலையத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரோஜாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காபியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

கல்யாண வீட்டில் சொல்லாத வேலை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் வேலை என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் மாமனார் வீட்டில் கடைசிவரை அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவில்லை.

நான் பாதாளச் சாக்கடைப் பிரிவில் இன்ஜினியர். சேர்ந்தது அதில், ஓய்வு பெற்றதும் அதில். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் ‘கவர்மென்ட்ல இன்ஜினியர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கேட்டவர்கள் பாலம் என்றோ அணை என்றோ நினைத்துக்கொண்டு இன்னொரு ஜாங்கிரி வைப்பார்கள். நான் மறுத்ததில்லை.

கைலாசபுரத்தில் பெரிய ஆலையில் வேலை பார்த்த என் சகலை, தான் செய்யும் கொதிகலனைப் பற்றி ஒரு முழு இரவுச் சாப்பாட்டுக்குப் பேசுவார். அவர் முடித்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். சரோஜா உடனே பாயசம் பரிமாறச் சொல்வாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரில் பல தெருக்களின் சாக்கடை திறந்துதான் ஓடியது. தெருவிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து காவிரி. மேலே அது சேரும். கொஞ்சம் கீழே படித்துறையில் மூன்று முழுக்குப் போடுவார்கள். புண்ணியம் கிடைத்தது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் கிடைத்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செப்டிக் டேங்க் லாரிகள் பொழுது சாயும் நேரத்தில் கரையோரம் போய் நிற்கும். கேட்டால், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வந்தோம் என்பார்கள். அவ்வளவு தாகமுள்ள லாரிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தொட்டிக்குள் இருப்பவர்கள்

பெரிய நிலையம் ஒன்று ஊருக்கு உண்டு. நான் சொல்வது அது அல்ல. பிறகு வந்த சின்னது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் மூக்கைப் பிடிக்காமலே அந்தப் பக்கம் போய்வருகிறார்கள், அதுவே அது ஒழுங்காக ஓடுவதற்குச் சான்று.

வீடுகளிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் முதலில் ஒரு கம்பி வலையில் மோதும். ஷாம்பு பாக்கெட், தலைமுடி, கிழிந்த துணி எல்லாம் அங்கே நின்றுவிடும். ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. நன்றாகக் கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தோம். உரியவர் வரவில்லை. வந்திருந்தாலும் திரும்ப வாயில் வைத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

அடுத்து மணல் படியும். அதற்கப்புறம்தான் விஷயமே. பெரிய தொட்டி ஒன்று, அதன் அடியிலிருந்து ஓயாமல் காற்றுக் குமிழிகள். காற்றை ஊதுவதுதான் புளோயர். பக்கத்து அறையில் இருந்துகொண்டு அது போடும் இரைச்சலில், எதிரில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழுக்கை எடுப்பது இயந்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடுப்பது அந்தத் தொட்டிக்குள் கோடிக்கணக்கில் இருக்கும் நுண்ணுயிர்கள். நாம் கழித்துவிட்டது அவற்றுக்குச் சாப்பாடு. தின்று, பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, அடுத்த தொட்டியில் போய் அடியில் படியும். மேலே தெளிந்து வழிவதில் குளோரின் கலந்து வாய்க்காலில் விடுவோம். வாய்க்கால் காவிரிக்குப் போகும்.

ஆற்றுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றே ஒன்று. இதே அழுக்கைத் தின்னும் உயிர்கள் ஆற்றிலும் உண்டு. வேலையை ஆற்றின் தலையில் கட்டினால் அதுவும் செய்யும். ஆனால் செய்து முடிப்பதற்குள் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று தீர்ந்துவிடும், மீன் செத்துவிடும். அந்தச் சாப்பாட்டுப் பந்தியை ஆற்றில் நடத்தாமல் நம் செலவில், நம் சுவருக்குள் நடத்தி முடிப்பதுதான் சுத்திகரிப்பு.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் மூச்சுவிட வேண்டும். அதற்குத்தான் புளோயர்.

தொட்டி நன்றாக இருந்தால் சுக்குக் காபி நிறத்தில் இருக்கும். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். சொன்னால் நம்பமாட்டீர்கள். சரோஜாவும் நம்பவில்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப்போய்க் காட்டினேன். ஊட்டிக்குப் பதிலாக என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

லேத்துக்கு அது சரி

சைட் சூப்பர்வைசர் பூமிநாதன் அந்த நிலையத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவர். ஆனால் கழிவுநீர் அவருக்குப் புதிது.

பட்டறையில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். வருஷம் பூரா உழைத்த மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு. லேத்துக்கு அது சரி. லேத்துக்குள் யாரும் மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பதில்லை.

அன்று காலையிலேயே நிலையம் களைகட்டிவிட்டது. வாசலில் வாழைக்கன்று, புளோயர்களுக்கு மாலை, பொரி, அவல், சுண்டல். கற்பூரம் காட்டும்போது சத்தம் இருக்கக் கூடாது என்று பூமிநாதன் இரண்டு புளோயரையும் நிறுத்தினார். ரெண்டு நிமிஷம் என்றுதான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஏ.இ. வந்தார். நிலையத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர். விதியில் வரும் ‘பொறுப்பு அதிகாரி’ அவர்தான். தேங்காய் உடைத்தார், விபூதி இட்டுக்கொண்டார், காதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னைக்குத்தான்யா இங்க என் குரலே எனக்குக் கேக்குது!” என்று சிரித்தார். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு பஸ் ஏறப் போய்விட்டார்.

அதிகாரியே ரசித்துவிட்டுப் போன மௌனத்தை யார் கலைப்பார்கள்? “நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுப் போட்டுக்கலாம்” என்றார் பூமிநாதன்.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அதற்குள் பூமிநாதன் அவளைப் பார்த்து, “வேதக்காரப் பொண்ணு, பூசைன்னாலே மூஞ்சி சுருங்குது பாருங்க!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தைக் கூடத்தில் பொம்மை சுற்றிக்கொண்டே சொன்னாள். “நான் அப்ப மெஷினைப் போடுங்கன்னு சொன்னா, பூசையைக் கெடுக்கிறேன்னு ஆயிடும் சார். அவங்க கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டவங்க. அவங்க சாமி காரியத்துல நான் போயி குறுக்க நிக்கிறதா?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்தில் மிக அதிகமாகக் கழிவுநீர் வரும் நாட்களில் ஆயுத பூஜையும் ஒன்று. ஊர் முழுக்க வீட்டைக் கழுவுகிறது, கடையைக் கழுவுகிறது, ஸ்கூட்டர், கார், லாரி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறது. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அதை ஏற்றும் பம்புகளை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. சாக்கடை தெருவில் வழிந்தால் போன் வரும். காற்று நின்றால் நுண்ணுயிர் போன் பண்ணாது.

விஜயதசமிக் காலை

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்தவளுக்கு கேட் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அழுகிய முட்டை வாடை. தொட்டி மை போலக் கறுத்திருந்தது. மேலே மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி மிதந்தது.

மறுபூஜைக்குக் காத்திருக்காமல் நேரே போய் சுவிட்சைப் போட்டாள். பிறகு வெளியே ஓடி வாய்க்காலைப் பார்த்தாள். சின்னக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

வாய்க்கால் ஓரத்துத் தெருக்காரர்கள் அதற்கு முன்பே போட்டோ எடுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அது ஸ்ரீரங்கத்தின் எல்லா வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. என் போனுக்கும் வந்தது. கூடவே, புனித நதியைக் காப்போம் என்று நான்கு விளக்குப் படங்களும் வந்தன. அனுப்பியவர் முந்தின நாள்தான் தன் காரை அந்த வாய்க்கால் மதகில் கழுவியிருந்தார்.

ஊர் சத்தம் போட்டால் அலுவலகம் மெமோ போடும். யாருக்குப் போடுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. அதிலும் அதிகம் யோசிக்கவில்லை.

உறைமோர்

மெமோவோடு அவள் வீட்டுக்கு வந்த மறுநாள், அவளோடு நிலையத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றவனை உள்ளே விட எந்த விதியும் இல்லை. விடக் கூடாது என்றும் எந்த விதியும் இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் என் ஓய்வுக்காலம் நடக்கிறது.

பூமிநாதன் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “சார், பாப்பா படிச்ச பொண்ணு. அதுவே ஒண்ணும் சொல்லல. சரி, நிறுத்தினா பரவாயில்லபோலன்னு நெனச்சேன்” என்றார்.

“நான் எப்படிண்ணே சொல்றது?” என்றாள் ஜெசிந்தா. “வேதக்காரப் பொண்ணுக்கு மூஞ்சி சுருங்குதுன்னு சொன்னீங்களா இல்லையா?”

“அது கேலிக்குச் சொன்னது பாப்பா.”

“கேலிக்குத்தான். எனக்கும் தெரியும். ஆனா அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா யாருக்குக் கேலியாத் தெரியும்?”

பூமிநாதன் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தியைச் சுரண்டி எடுத்தார். “அடுத்த தடவை என் தலையில குட்டியாவது சொல்லு, தாயி” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, நடந்தது இவ்வளவுதான். அவருக்குத் தெரியாது, தெரிந்தவள் சொல்வாள் என்று இருந்தார். அவளுக்குத் தெரியும், சொன்னால் அவருக்கு மனம் நோகும் என்று இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதித்த மதிப்பில் ஒரு தொட்டி உயிர் போயிற்று. சண்டைக்காரர்களாக இருந்திருந்தால் மீன் பிழைத்திருக்கும்.

செத்த தொட்டியை எழுப்புவது தயிர் தோய்ப்பது போலத்தான். வீட்டில் உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் வாங்குவோம் இல்லையா? பெரிய நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றை லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். பூமிநாதன் மூட்டை வெல்லம் கரைத்து விட்டார், சாணமும் கரைத்து விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது சரோஜா, “முந்திரி, ஏலக்காய் போடலையா?” என்று கேட்டாள்.

ஜெசிந்தா விடுமுறை நாளிலும் போனாள். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் மொண்டு ஜன்னலில் வைத்து, சேறு அடியில் படிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் கலங்கலாகவே நின்றது. பிறகு மேலே விரல் அகலத்துக்குத் தெளிந்தது. கறுப்பு பழுப்பாயிற்று. ஒரு நாள் காலை எனக்குப் போன் வந்தது.

“சார், மண் வாசனை வருது.”

சரோஜாவிடம் சொன்னேன். “ஆள் பிழைச்சுட்டாங்களா?” என்றாள். அவள் கேட்டது தொட்டியைப் பற்றியா, ஜெசிந்தாவைப் பற்றியா என்று நான் திரும்பக் கேட்கவில்லை. தொட்டி பிழைத்துவிட்டது. மெமோ அப்படியே இருந்தது.

மனு எழுதும் முறை

மெமோவுக்கு விளக்கம் எழுத அவள் கொண்டுவந்த முதல் நகலில் ‘மன்னிக்கவும்’ என்று பல இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். மன்னிப்புக் கேட்டால் கோப்பு அதோடு முடியும், உன் வேலையும் அதோடு முடியும் என்றேன்.

“அப்ப ஏ.இ. வந்தாரு, பாத்தாரு, சிரிச்சாருன்னு எழுதட்டுமா சார்?”

“உண்மைதான். எழுதினா, கோப்பு நேரா அவர்கிட்டதான் போகும். அவர் என்ன பண்ணுவார்?”

யோசித்தாள். “மேல உக்காந்துக்குவார்.”

பாடம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. யாருடைய குற்றம் என்று கேட்டால் அரசாங்கத்தில் பதில் வராது. இனி என்ன செய்யலாம் என்று கேட்டால் தாமதமாகவாவது வரும். அதனால் ஏ.இ. வந்ததை விட்டுவிட்டு, மற்றதை நடந்தபடி சுருக்கமாக எழுதினோம். கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதையும், சூப்பர்வைசருக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை என்பதையும் சொன்னோம். கேட்டது இரண்டு: மெமோவைக் கைவிட வேண்டும், புளோயர் அறையில், பண்டிகை நாட்களிலும் காற்றை நிறுத்தக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். பலகைக்காகத் தனியே என் பெயரிலும் ஒரு மனு போட்டேன். அதிலேயே மெமோவையும் நினைவூட்டினேன். பொதுமக்களில் ஒருவனாக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு.

நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். பிறகு காத்திருந்தோம்.

பொங்கல் போயிற்று. அலுவலகத்தில் விசாரித்தபோது, “ஏ.இ.கிட்ட ரிமார்க்ஸ் கேட்டிருக்கு சார்” என்றார் அந்த செக்‌ஷன் பெண்மணி. சித்திரையில் போனபோதும் ரிமார்க்ஸ்தான். ஆடியில் போனபோது, “நீங்க இதே ஆபீஸ்ல இருந்தவர்தானே சார், உங்களுக்குத் தெரியாததா?” என்று கேட்டார். தெரிந்ததால்தான் மறுபடி மறுபடி போனேன்.

இதற்கிடையில் பாலக்கரை வீட்டில் அவளுடைய அம்மா, மெமோ என்ன ஆயிற்று என்று தினம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் சரோஜாவுக்கே போன் பண்ணிவிட்டார். “டீச்சர், நீங்கதான் இவளைக் கணக்கும் சயின்சும் படிக்க வச்சீங்க. இப்பப் பாருங்க, ஊர் கக்கூஸ் தண்ணிக்கு மெமோ வாங்கிட்டு நிக்கிறா. வேற வேலைக்கும் போக முடியல. அந்தக் காயிதம் போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் சமயம் நெருங்கியது. மெமோ நிலுவையில் உள்ளவர் பெயரைத்தான் முதலில் அடிப்பார்கள். அதற்கு விதி கிடையாது, வழக்கம்.

அடுத்த ஆயுத பூஜை

சரோஜா ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து, “நானும் வரேன். உங்க ஊட்டியைத் திரும்பப் பாக்கணும்” என்றாள். இருவரும் போனோம்.

பூமிநாதன் அன்று விவரமாகவே இருந்தார். பெரிய புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்த சின்னதற்கு மாலை, வாழைக்கன்று, மற்ற அலங்காரம் எல்லாம். ஓடிக்கொண்டிருந்த பெரியதற்கு அதன் பீடத்தில் மட்டும் ஒரு பொட்டு. பூஜையும் குறையவில்லை, விதியும் மீறப்படவில்லை.

அப்போது கான்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். கூடவே போனில் வீடியோ எடுக்க ஒருவர். மேனேஜர் உள்ளே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டார்.

“இதை ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க. மந்திரம் ரெக்கார்ட் ஆகணும்.”

பூமிநாதன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் சரோஜாவிடமிருந்து சுண்டல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“நிறுத்த முடியாது சார்,” என்றாள். இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“என்னது?”

“நிறுத்த முடியாது! பூசை பண்ணுங்க, மெஷின் ஓடட்டும்!”

“நீங்க யாரு?”

“கெமிஸ்ட் சார். மெமோ வாங்கின கெமிஸ்ட்.”

மேனேஜருக்கு முகம் மாறியது. அவள் விடவில்லை. “போன வருஷம் சொல்லாததுக்கு ஒரு மெமோ குடுத்தாங்க. இந்த வருஷம் சொன்னதுக்கு வேணும்னா இன்னொண்ணு குடுங்க. வாங்கிக்கிறேன்.”

ரெண்டு நிமிஷத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும். ஆனால் போன வருஷமும் ரெண்டு நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தது.

மேனேஜர் பூமிநாதனைப் பார்த்தார். “என்னங்க இது? பூஜை நேரத்துல...”

“பூசை நடக்குதுங்க சார்,” என்றார் பூமிநாதன். “பாப்பா சொல்றது சரி. இதுக்கு மேல கேக்கணும்னா என்னைக் கேளுங்க.” சொல்லிவிட்டுத் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்.

புளோயர் காற்றை இழுக்கும் பக்கம் சுடர் சாய்ந்தது. அணைந்துவிடுமோ என்று சரோஜா முந்தானையை மறைப்பாகப் பிடித்தாள். வீடியோ எடுத்தவருக்கு மந்திரம் ஒரு எழுத்தும் பதிவாகவில்லை. மேனேஜர் சுண்டலை மட்டும் கொஞ்சம் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சைகையில் சொன்னார். கிளம்பும்போது ஜெசிந்தாவின் முழுப்பெயரைக் கேட்டு போனில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் சரோஜா காலித் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தாள். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது, “பேரை எதுக்குங்க எழுதிக்கிட்டான்?” என்றாள்.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

பதில்

அதற்கப்புறம் பல நாள், போன் அடித்தால் ஜெசிந்தாவாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பதில் தபாலில் வந்தது. என் மனுவுக்கான பதில். நகல் ஜெசிந்தாவுக்கு என்று அடியில் போட்டிருந்தது. கெமிஸ்டுக்கு அனுப்பிய குறிப்பாணையின் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. புளோயர் அறையில் தமிழில் பலகை வைக்க ஆட்சேபணை இல்லை. பலகையைச் செய்து மாட்டும் பொறுப்பு மனுதாரரைச் சேர்ந்தது. மனுதாரர் நான்.

இரண்டு தடவை படித்த பிறகுதான் தலைப்பில் இருந்த தேதியைக் கவனித்தேன். அது ஆயுத பூஜைக்கு முந்தைய தேதி. கையெழுத்தாகி, எங்கோ ஒரு மேசையில், தபால் பிரிவுக்குப் போகாமல் கிடந்திருக்கிறது. அவள் மேனேஜர் முன்னால் நின்று, இன்னொன்று குடுங்கள் என்று கத்திய அன்று, அவள் பேரில் மெமோவே இல்லை. அது அவளுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

போன் பண்ணினேன். நகல் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. படித்துக் காட்டினேன். பின்னால் இரைச்சல், முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டு மறுபடி படிக்கச் சொன்னாள். இந்தத் தடவை தேதியையும் சேர்த்துப் படித்தேன்.

“முன்னாடியே போட்டுட்டாங்களா சார்?”

“ஆமாம்மா. பூஜைக்கு முன்னாடியே.”

“தெரிஞ்சிருந்தா அன்னைக்கு இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேனே,” என்றாள். பிறகு, “அதை ஒரு போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க சார். அம்மாவுக்குக் காட்டணும்” என்றாள்.

எடுத்து அனுப்பினேன். சரோஜா அப்போதுதான் ஈரத் தலையோடு படித்துறையிலிருந்து வந்து, புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காவிரியில் கூட்டம் தாங்கவில்லை என்றாள். வெளியூர் பஸ்கள் அம்மா மண்டபம் சாலை முழுக்க நிற்கிறதாம், குழந்தைகள் முதல் எல்லோரும் தண்ணீரில்தானாம். துலா ஸ்நானம், மாதம் முழுக்க இப்படித்தான் இருக்கும்.

பதில் வந்த தேதி, ஐப்பசி ஒன்று.